கதையில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை?

தெப்பக்குளத்தான் | ஞாயிறு, இரவு 9.40

சின்ன விஷயம்தான். ஆனால் மூன்று மணி நேரமாக மண்டையைக் குடைகிறது.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது ஒன்றரை வருஷமாக நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப் பேர் கதைக்கு, மீதிப் பேர் என் மனைவி சுடும் பணியாரத்துக்கு. அதில் ஒரு பெண் பிள்ளை, ஒன்பது வயது, இரண்டு காதிலும் மிஷின் போட்டிருக்கிறாள். நிஜப் பெயர் வேண்டாம், இங்கே மல்லி என்று வைத்துக்கொள்வோம்.

மல்லியை யாரும் கேலி செய்வதில்லை. ஆனால் விளையாட்டு தொடங்கும்போது ‘நீ உப்புக்குச் சப்பாணி’ என்று சொல்லிவிடுவார்கள். ஓடலாம், பிடிக்கலாம், எதுவும் கணக்கில் வராது. அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் நானே ஒரு கதை எழுதினேன். தண்ணீர் இல்லாத வைகையில் பிள்ளைகள் மணலில் விளையாடுகிறார்கள். காது கேட்காத சிறுமி ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்காலில் அதிர்வு தெரிகிறது. அணையைத் திறந்துவிட்டார்கள்! காதில் மிஷினோடு தண்ணீரில் இறங்கி எல்லாரையும் கரையேற்றிவிடுகிறாள். அன்றிலிருந்து அவள்தான் தலைவி. சுபம்.

சொல்லி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மல்லியும் தட்டினாள். கீழே இறங்கும்போது படிக்கட்டில் நின்று கேட்டாள்: “மாமா, கார்த்திக்குப் பேரு இருக்கு, முத்துவுக்குப் பேரு இருக்கு. அந்த நாய்க்குட்டிக்குக்கூட மணின்னு பேரு இருக்கு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் பேரு இல்ல?”

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நாலு பக்கத்தில் பதினேழு இடத்தில் ‘காது கேட்காத சிறுமி’. ஒரு இடத்தில்கூடப் பெயர் இல்லை. எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள், சொல்கிறவர்கள், சும்மா படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்தக் கதையை எப்படிச் சரிசெய்வது?

மேலமாசி வீதி | ஞாயிறு, இரவு 10.05

பெயர் வைத்துவிட்டால் சரியாகிவிட்டது, இதற்கு எதற்கு ஒரு இழை? நாய்க்கு மணி என்று பெயர் வைத்ததற்குத்தான் உங்களை ஒரு குட்டு குட்ட வேண்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். வைகை அணை 71 அடி. 66 அடி ஏறினாலே முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தேனியில் தொடங்கி ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோரத்துக்கும் சொல்லிவிட்டுத்தான் திறப்பார்கள். ஒரு சின்னப் பிள்ளை காலை வைத்துக் கண்டுபிடிக்கிறவரை மதுரையே தூங்கிக்கொண்டா இருந்தது?

தெப்பக்குளத்தான் | ஞாயிறு, இரவு 10.12

அண்ணே, கதைண்ணே.

உசிலம்பட்டி அம்மா | ஞாயிறு, இரவு 10.50

நான் வழக்கமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டரை வயதிலிருந்து மிஷின். அவனுக்காக வாங்கிய, இரவல் வாங்கிய, மற்றவர்கள் பரிசாகக் கொடுத்த கதைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் உங்கள் கதைதான் தம்பி, வேறு வேறு வேஷத்தில். கால் நடக்க முடியாத ஆடு மந்தையைக் காப்பாற்றும். கண் தெரியாத பையன் இருட்டுக் குகையில் எல்லாருக்கும் வழி காட்டுவான். உடனே எல்லாரும் மன்னிப்புக் கேட்டுச் சேர்த்துக்கொள்வார்கள்.

பெயர் இல்லாதது பாதிதான். மீதி என்னவென்றால், உங்கள் கதையில் கார்த்தியும் முத்துவும் யாரைக் காப்பாற்றினார்கள்? ஒன்றும் செய்யாமலேயே விளையாட்டில் இருக்கிறார்கள் இல்லையா? அவர்களுக்கு இலவசம், இவளுக்கு மட்டும் கட்டணம். அதுவும் ஊரையே காப்பாற்றுகிற அளவு கட்டணம். என் பையன் கணக்கில் சுமார், கபடியில் சுமார், சேட்டையில் மட்டும் முதல் மார்க். எந்த வெள்ளத்திலிருந்தும் எவரையும் காப்பாற்ற மாட்டான். அவன் எந்தக் கதைக்குள் போவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காது கேட்காதவர்களுக்குப் பாதத்தில் அதிசய சக்தி எதுவும் கிடையாது. நீங்கள் உணர்கிற அதிர்வைத்தான் அவர்களும் உணர்கிறார்கள். கவனம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான்.

மிஷினைப் பற்றி எழுதுவதாக இருந்தால் சிலது தெரிந்துகொள்ளுங்கள். அது மூக்குக் கண்ணாடி மாதிரி இல்லை, மாட்டியவுடன் எல்லாம் சரியாகிவிடாது. எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நான் பேசுவதைவிட ஹாரன்தான் அவனுக்குப் பெரிதாகக் கேட்கும். காதுக்குள் இருக்கும் அச்சு தளர்ந்தால் ‘கீ’ என்று விசில் அடிக்கும். பிள்ளை வளர வளரக் காதும் வளரும், அச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் பயனில்லை, எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி நின்று பேச வேண்டும். அப்புறம் தண்ணீர் படக்கூடாது. உங்கள் கதையில் அவள் வெள்ளத்தில் மிஷினோடு இறங்குகிறாள். எனக்கு அந்த இடத்தில் அவள் உயிரைவிட அந்த மிஷினைப் பற்றித்தான் பதறியது. விலை தெரியுமா!

தெப்பக்குளத்தான் | ஞாயிறு, இரவு 11.15

அக்கா, கோபமே இல்லை. இலவசம், கட்டணம் என்று நீங்கள் சொன்னதை மூன்று தடவை படித்துவிட்டேன். தூக்கம் போச்சு.

திருமங்கலம் டீச்சர் | திங்கள், காலை 6.20

முதலில் ஒரு திருத்தம். உப்புக்குச் சப்பாணி இல்லை, ஒப்புக்குச் சப்பாணி. ஒப்புக்கு என்றால் பேருக்கு, கணக்குக்கு. சப்பாணி என்றால் கால் நடக்க முடியாதவர். அதாவது விளையாட்டில் சேர்த்துக்கொண்ட மாதிரி காட்டிவிட்டுச் சேர்க்காமல் இருப்பதற்கு நாம் எப்போதோ வைத்த பெயரிலேயே ஒரு மாற்றுத்திறனாளி உட்கார்ந்திருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் இந்தச் சொல்லைக் கேட்டும், ஒரு நாளும் நான் இதை யோசித்ததில்லை.

பெயர் விஷயம் நம் ஊரில் ரொம்பப் பழையது. கூன் பாண்டியன் கதை தெரியும்தானே? சம்பந்தர் மதுரைக்கு வந்து திருநீறு பூசியதும் அரசனின் வெப்புநோய் தீருகிறது, கூனும் நிமிர்கிறது. அதுவரை கூன் பாண்டியன், அதற்குப் பிறகு நெடுமாறன். நாட்டையே ஆண்டவனுக்கும் முதுகு நிமிர்ந்த பிறகுதான் நல்ல பெயர். கம்பனில் மந்தரையைக் கூனி என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் கம்பன் ஒரு வேலை செய்திருக்கிறான், பாருங்கள். சின்ன வயதில் ராமன் வில்லில் உண்டை வைத்து அவள் முதுகில் அடித்ததை அவள் மனசில் வைத்திருந்தாள் என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் சூழ்ச்சிக்குள் போகிறான். நான் ஒன்பதாம் வகுப்பில் அந்த இடத்தை நடத்தும்போது ஒரு பிள்ளை எழுந்து ‘அப்ப தப்பு யாரு மேல டீச்சர்?’ என்று கேட்டது. மணி அடித்துவிட்டது, தப்பித்தேன்.

நம்மிடம் இருக்கும் கதைகளில் வித்தியாசமாக இருப்பவர் ஒன்று குணமாகிவிடுவார், இல்லை வில்லி ஆகிவிடுவார். தம்பியின் கதை அந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவதாகத் தியாகி ஆக்கியிருக்கிறது. சாதாரணமாக இருக்க மட்டும் விடுவதில்லை.

(சப்பாணிக்கு இன்னொரு பொருளும் உண்டு, கைகொட்டுதல். பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் வரும். குமரகுருபரர் நம் மீனாட்சியைக் குழந்தையாக உட்கார வைத்துக் கைகொட்டச் சொல்வார். அந்தச் சப்பாணி வேறு, இந்தச் சப்பாணி வேறு. வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

மேலமாசி வீதி | திங்கள், காலை 9.30

டீச்சர், அப்படியென்றால் மீனாட்சியையே எடுத்துக்கொள்ளுங்களேன். தடாதகை மூன்று முலையோடு பிறக்கிறாள். மலயத்துவசன் கலங்குகிறான். வருந்தாதே, ஆண் பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் இவளுக்குச் செய், முடி சூட்டு என்று அசரீரி சொல்கிறது. அவனும் அப்படியே வாள், வில், குதிரை எல்லாம் கற்றுக்கொடுத்து அரசியாக்குகிறான். இதைவிடப் பெரிய ‘ஏற்றுக்கொள்ளும்’ கதை எங்கே இருக்கிறது? வருஷா வருஷம் சித்திரையில் பட்டாபிஷேகம் நடத்துகிறோமே!

திருமங்கலம் டீச்சர் | திங்கள், காலை 9.48

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஆனால் கயிலாயத்தில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் மூன்றாவது முலை மறைந்துவிடுகிறது. கடைசியில் அங்கேயும் குணமாகிவிட்டது, பார்த்தீர்களா?

இருந்தாலும் குணமாவதற்கு முன்பே முடி சூட்டிவிட்டார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மேலூர் வாத்தியார் | திங்கள், பிற்பகல் 1.10

மதிய உணவு இடைவேளையில் எழுதுகிறேன். டீச்சருக்கு வணக்கம்.

குணமாகாத கதை வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள். சப்பாணிக் கருப்பு இருக்கிறார். கும்பிடுகிறவர்கள் எவரும் அவர் காலை நேராக்க ஒரு கதை கட்டவில்லை. படையல், பொங்கல், கிடா எல்லாம் அந்தக் காலோடேயே வாங்கிக்கொள்கிறார். பிள்ளைக்குச் சப்பாணி என்று பெயர் வைக்கிறார்கள். என் வகுப்பில் ஒருவனின் தாத்தா பெயர் அது. கால் நன்றாக இருக்கிற மனுஷர். பெருமையாகச் சொல்வார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. காது, கால், கண் பற்றிக் கதை எழுத இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், நல்லது. எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றால் தெரிகிற வித்தியாசத்தை எவரும் எழுதுவதில்லை. கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைச் சொல்கிறேன். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனைச் சாதி வெறியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளியில் கூடாது என்று அதில் இருக்கிறது. சிறுவர் கதைகளில் மட்டும் கயிறே இருக்காது. ‘ஒரு ஊரில் எல்லாரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்’ என்று தொடங்கும். எந்த ஊரில்?

1904-ல் பாரதி மூன்று மாதம் போல சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஊர் மதுரை. சாதி இல்லை என்று அவர் பாப்பாவுக்குச் சொன்னதை என் பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், கையில் கயிறோடு.

மேலமாசி வீதி | திங்கள், பிற்பகல் 1.40

வாத்தியாரே, எட்டு வயதுப் பிள்ளையிடம் சாதியைப் பற்றிக் கதை சொன்னால் இல்லாததை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா? என் பிள்ளைக்கு இன்னும் என்ன சாதி என்றே தெரியாது.

மேலூர் வாத்தியார் | திங்கள், மாலை 5.25

உங்கள் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் இருக்க வசதி இருக்கிறது. எந்த வீட்டில் எந்தத் தம்ளரில் தண்ணீர் கிடைக்கும் என்பதை நாலு வயதில் தெரிந்துகொண்டு வருகிற பிள்ளையும் என் வகுப்பில் இருக்கிறது. அதற்கு நாம் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.

பயமாக இருந்தால் பழைய விஷயத்திலிருந்து தொடங்கலாம். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாத சாதிக்காரர்கள் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனார்களே, அதில் எங்கள் தும்பைப்பட்டிக் கக்கனும் ஒருவர். அன்றைக்குக் கோபுர வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணால் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளை கற்பனைதான், கோபுரம் நிஜம். நான் எழுதிப் பார்த்தேன், மேடைப் பேச்சு மாதிரி வந்துவிட்டது. கிழித்துவிட்டேன். கதை எழுத வருகிறவர் எவராவது எழுதுங்கள்.

நாகமலைக் காற்று | திங்கள், இரவு 8.15

வணக்கம். உளவியலில் முதுகலை படிக்கிறேன். குழந்தைக் கதைகள் பற்றித்தான் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

மேலமாசி அண்ணன் கேட்ட கேள்வி, வித்தியாசத்தைச் சொல்லலாமா கூடாதா என்பது, இங்கிலாந்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. லிண்ட்சே கேமரன், ஆடம் ரட்லண்ட் இருவரும் 2006-ல் வெளியிட்டார்கள். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் கதை படித்துக் காட்டினார்கள். எல்லாக் கதையிலும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் மற்ற பிள்ளையும் நண்பர்கள். ஆனால் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சும்மா நட்பு. இன்னொரு குழுவுக்கு அந்தப் பிள்ளையின் தனிக் குணங்களை மட்டும் அழுத்தி, குறைபாட்டைப் பின்னுக்குத் தள்ளி. மூன்றாவது குழுவுக்கு இவன் மாற்றுத்திறனாளி, இவனைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல். மூன்றாவதுதான் நன்றாக வேலை செய்தது. கதைக்குள் ஒருவனோடு நட்பாவது வேறு, அந்த நட்பு வெளியே அதே மாதிரி இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நீள வேண்டுமென்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

இன்னொன்று. உசிலம்பட்டி அம்மா சொன்ன ஆட்டுக் கதை. கனடாவின் டொரான்டோவில் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை. பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை ஒரு குழுவுக்கு மிருகங்களை வைத்து, இன்னொரு குழுவுக்கு மனிதப் பிள்ளைகளை வைத்துச் சொன்னார்கள். முன்னாலும் பின்னாலும் ஆளுக்குப் பத்து ஸ்டிக்கர் கொடுத்து, ஸ்டிக்கர் கிடைக்காத ஒரு பிள்ளைக்கு எத்தனை தருகிறார்கள் என்று பார்த்தார்கள். மனிதக் கதை கேட்டவர்கள் கூடுதலாகத் தந்தார்கள். மிருகக் கதை கேட்டவர்கள் அப்படித் தரவில்லை.

மேலமாசி வீதி | திங்கள், இரவு 8.31

அப்போ காக்கா, நரி, முயல், ஆமை எல்லாவற்றையும் வைகையில் விட்டுவிடலாமா? பத்து ஸ்டிக்கரில் எத்தனை கொடுத்தான் என்று எண்ணுவதுதான் அன்பா? என் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதையில் ஒரு காக்கா மழையில் நனைந்து குருவி வீட்டுக் கதவைத் தட்டும். ‘இரு, பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறேன்’, ‘இரு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வருகிறேன்’ என்று குருவி சாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் அழுதிருக்கிறேன். அந்தக் காக்காவுக்காக இன்றைக்கும் எவனாவது மழையில் கதவைத் தட்டினால் உடனே திறக்கிறேன். என்னை எந்த டொரான்டோவில் சோதிப்பீர்கள்?

நாகமலைக் காற்று | திங்கள், இரவு 8.44

அண்ணே, நியாயம்தான். ஒரு சோதனையை வைத்து அப்பத்தாவைத் தோற்கடிக்க முடியாது, நானும் அதற்கு வரவில்லை. அது உடனடி விளைவு மட்டும்தான். மிருகத்தைத் தன்னைப் போன்ற ஒரு ஆளாக நினைத்துக்கொண்ட பிள்ளைகள் அங்கேயும் நன்றாகவே பகிர்ந்துகொண்டார்கள். உங்கள் அப்பத்தா அந்தக் காக்காவை ஆளாக்கிவிட்டார் போல.

ஆனையூர்ப் பிள்ளை | திங்கள், இரவு 10.20

நான் ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள். இப்போது அதை மறுவாழ்வு முகாம் என்று சொல்கிறார்கள், 2021-க்கு முன்னால் அகதி முகாம். எங்கள் வீட்டில் பேசுவதைக் ‘கதைக்கிறது’ என்றுதான் சொல்வோம். மூன்றாம் வகுப்பில் நான் ‘டீச்சர், இவள் என்னோட கதைக்கிறாள் இல்ல’ என்று முறைப்பாடு சொன்னேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் மதுரைத் தமிழுக்கு மாறிவிட்டேன். ‘என்னடி’, ‘வாடி’, ‘போடி’ எல்லாம் நன்றாக வரும். வீட்டுக்குப் போனால் அம்மம்மாவோடு பழைய தமிழ். இரண்டு தமிழையும் கலக்காமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை.

எனக்கு ஒரு கதையிலும் என்னை மாதிரிப் பேசுகிற பிள்ளை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளை கட்டாயம் போர், படகு, குண்டு என்றுதான் பேசியிருக்கும். நான் பேசியதெல்லாம் பென்சில் தொலைந்ததைப் பற்றி. உசிலம்பட்டி அக்கா சொன்ன கட்டணம் எங்களுக்கும் உண்டு. சோகத்தைச் சொன்னால்தான் கதைக்குள் இடம்.

மஹால் பக்கம் | திங்கள், இரவு 10.41

வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். ஆனையூர் தங்கச்சிக்கு ஒரு கும்பிடு. எங்களுக்கு இங்கே சில நூறு வருஷம் ஆகியும் ‘உங்க பாஷையில ஏதாவது சொல்லு’ என்று பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்பது நிற்கவில்லை. நான் எப்போதும் கெட்ட வார்த்தையைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

தெப்பக்குளத்தான் | செவ்வாய், இரவு 9.15

எல்லாவற்றையும் படித்தேன். பழைய கதையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். பெயர் கயல். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு அத்தையோடு ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் கூட்டத்தில் நிற்கிறாள், தங்கக் குதிரையைப் பார்க்கிறாள், பானகம் குடிக்கிறாள், தொலைந்துபோகிறாள், கிடைக்கிறாள். வெள்ளம் இல்லை, வீரம் இல்லை. மிஷினைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. சாதாரணப் பிள்ளையாகவே விட்டுவிட்டேன். சரிதானே?

உசிலம்பட்டி அம்மா | செவ்வாய், இரவு 9.40

ஐயோ தம்பி. மிஷினையே கழற்றிவிட்டீர்களா? அப்படியானால் அது மல்லிக்கான கதை இல்லையே, எந்தப் பிள்ளைக்கும் ஆன கதை. முதலில் காது மட்டும் இருந்தது, பிள்ளை இல்லை. இப்போது பிள்ளை இருக்கிறது, காது இல்லை.

நானே சொல்கிறேன், கேளுங்கள். அழகர் திருவிழாவுக்குப் போனால் நாங்கள் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? தோல்பையில் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள் இல்லையா, அது மேலே படும் முன்னால் மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வேன். அதன் பிறகு அவனுக்கு அந்தத் திருவிழா முழுக்கச் சத்தம் இல்லாத திருவிழா. அத்தனை லட்சம் பேர் ‘கோவிந்தா’ போடுகிற இடத்தில்! அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். குறை ஒன்றும் தெரியாது. எல்லாரும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள், மீன் மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பான்.

திருமங்கலம் டீச்சர் | செவ்வாய், இரவு 9.52

தம்பி, பேனாவை எடுங்கள். கதை கையில் வந்து விழுந்துவிட்டது.

தெப்பக்குளத்தான் | வியாழன், இரவு 11.30

கொஞ்சம் மட்டும் போடுகிறேன். திட்டுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் திட்டிவிடுங்கள்.

*“தண்ணி வருது, தண்ணி வருது!” என்று முன்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். கயல் இரண்டு மிஷினையும் கழற்றி டப்பாவில் போட்டு அத்தையிடம் கொடுத்தாள். டக்கென்று திருவிழாவின் சத்தம் அணைந்தது. மேளக்காரர் அடிக்கிறார், மேளம் இல்லை. தாத்தா ஒருவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார், கத்தல் இல்லை. தலை மேல் தண்ணீர் விழுந்தது, அது மட்டும் அப்படியே இருந்தது, ஜில்லென்று.*

*பின்னாலிருந்து முத்து கூப்பிட்டான். மூன்று தடவை கூப்பிட்டான். கயல் திரும்பவில்லை. ‘திமிரு’ என்று நினைத்தவன், அத்தை கையில் இருந்த டப்பாவைப் பார்த்தான். நாலு பேர் காலை மிதித்து, ஒரு அம்மாவிடம் கொட்டு வாங்கி, சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். இரண்டு கையையும் காற்றில் வளைத்துக் குதிரை வரைந்தான். அப்புறம் தன் சட்டையைத் தொட்டு, கேள்விக்குறியாகத் தலையை ஆட்டினான். அழகர் என்ன நிறப் பட்டு?*

*கயல் ஒரு வேப்பிலையைக் கிள்ளிக் காட்டினாள்.*

*“பச்சையா? போச்சு! அம்பது ரூபாய் பந்தயம் போச்சு!” முத்து தலையில் கை வைத்தான். அது மட்டும் கயலுக்கு நன்றாகப் புரிந்தது.*

மேலமாசி வீதி | வெள்ளி, காலை 7.00

பச்சைப் பட்டு என்றால் நாடு செழிக்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் வருத்தம். சின்னப் பிள்ளைக்குப் பந்தயம் கற்றுக்கொடுப்பதை டீச்சர் கவனிக்கவில்லையா?

திருமங்கலம் டீச்சர் | வெள்ளி, காலை 7.20

கவனித்தேன். தோற்றுவிட்டான் அல்லவா, விட்டுவிட்டேன்.

மேலூர் வாத்தியார் | வெள்ளி, மாலை 6.05

முத்து சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறானே, அந்த இடம் நன்றாக இருக்கிறது. யாரும் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. என் கோபுர வாசல் கதையை இதே மாதிரி மறுபடி எழுதிப் பார்க்கிறேன். பூக்காரப் பிள்ளைக்கு முதலில் ஒரு பெயர் வைக்க வேண்டும்.

தெப்பக்குளத்தான் | ஞாயிறு, இரவு 8.50

சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளைகள் கைதட்டவில்லை. முத்து பந்தயப் பணத்தைக் கொடுத்தானா இல்லையா என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. பணியாரம் ஆறிப்போனது.

மல்லி முழுக்கதையும் கேட்டாள். பிறகு என் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு வரிசையாகக் குறை சொன்னாள். ஒன்று, கடைசிப் பக்கத்தில் கயல் புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்த உடனே மிஷினில் போடுகிறாளாம். ‘அப்படிப் போடக் கூடாது மாமா, ஸ்டிக்கரைப் பிச்சுட்டு ஒரு நிமிஷம் காத்துல வைக்கணும், அப்பத்தான் அது முழிக்கும்.’ இரண்டு, டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சுகிற குட்டிப் பொட்டலம் போட மறந்துவிட்டேனாம். மூன்று, கயல் என்ற பெயர் வேண்டாமாம். அவள் வகுப்பிலேயே மூன்று கயல் இருக்கிறார்களாம், புதுக் கதைப் புத்தகத்தைத் திறந்தால் அங்கேயும் கயல்தானாம்.

வேறு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று போய்விட்டாள். போகும்போது கீழே ஒளிந்துபிடித்து தொடங்கியிருந்தது. யாரோ ‘உப்புக்குச் சப்பாணி’ என்றார்கள். ஒப்புக்கு என்று மாடியிலிருந்து நான் திருத்தப் போனேன், என் மனைவி வாயைப் பொத்திவிட்டாள். மல்லி அவனிடம் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று எண்ண ஆரம்பித்தான். அவள் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒளிந்தாள்.